உன் ஐடியில் நான் இறக்கியவை

இன்று காலை மின்நூலக அறை வாசலில் அறுபது ஜோடி செருப்பு. ஏசி அறைக்குள் செருப்போடு வரக் கூடாது என்ற சட்டம் நம் கல்லூரியில் இன்னும் மாறவில்லை. கதவைத் திறந்ததும் ஈரச் செருப்பும் பாச்சை உருண்டையும் கலந்த அதே வாடை. மறுபடி உன் ஞாபகம் வந்துவிட்டது. மஞ்சள் காமாலை என்று உன்னைச் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். நான் பார்க்க வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வந்திருந்தால் மட்டும் சொல்லியிருப்பேனா? மாட்டேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நாம் எம்.எஸ்ஸி. இரண்டாம் வருஷம் படித்தபோது கல்லூரியைப் பார்வையிட ஒரு குழு வந்தது. மின்நூலகத்தை மாணவர்கள் பயன்படுத்தும் எண்ணிக்கை ரொம்பக் குறைவாம். "படிக்க வேண்டாம்மா, டவுன்லோடு பண்ணுங்க போதும். தலைக்கு ஐம்பது கட்டுரை" என்றார் நூலகப் பொறுப்பில் இருந்த மேடம். மொத்த வகுப்பும் தட்டித் தள்ளியது. நீ ஒருத்திதான் ஒரு கட்டுரையைத் திறந்து வைத்து, உதட்டை அசைத்துப் படித்துக்கொண்டிருந்தாய். உங்கள் ஊர் போர்த் தண்ணீரில் ஃப்ளோரைடு என்பது உன் புராஜெக்ட். உன் தம்பிக்குப் பல்லெல்லாம் பழுப்பு. "எங்கூட்டுத் தண்ணியப் பத்தி எந்த நாட்டுக்காரனோ எழுதி வெச்சிருக்கான் பாரு புள்ள" என்று என் கையைப் பிடித்து இழுத்தாய். எனக்கோ ராசிபுரம் காலேஜ் பஸ்ஸைப் பிடிக்கிற கவலை. என் கம்ப்யூட்டர் வேறு ஹேங்காகி நின்றது.

லேபில் வைத்திருந்த தண்ணீர் மாதிரிகளைப் பார்க்க நீ எழுந்து போனாய். திரையில் உன் ஐடி திறந்தே கிடந்தது. உட்கார்ந்தேன். எனக்கு ஐம்பது, உனக்கும் சேர்த்து ஐம்பது என்று ஆரம்பித்து, கை நிற்காமல் ஒரு ஆய்விதழின் பத்து வருஷத்தையும் இறக்கிவிட்டேன். உனக்கு உபகாரம் செய்கிறேன் என்ற நினைப்பு வேறு. நீ திரும்புவதற்குள் பஸ்ஸுக்கு ஓடிவிட்டேன்.

மூன்றாம் நாள் அந்த இதழ்க்காரர்களிடமிருந்து புகார் வந்தது. ஒரே ஐடியில் அளவுக்கு மீறி இறக்கியதால் கல்லூரிக்கே இணைப்பை நிறுத்திவிட்டார்கள். வகுப்பு நடுவில் உன்னை எழுப்பி, அதே மேடம் கேட்டார்: "இவ்வளவு எடுக்கச் சொல்லி உனக்கு யாரு சொன்னது?"

"நானு ரெண்டே ரெண்டுதானுங்க மேடம் எடுத்தேன்."

"அப்ப கம்ப்யூட்டர் பொய் சொல்லுதா?"

மூன்றாவது பெஞ்சில் நான் நகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். வாயைத் திறந்தால் என் புராஜெக்ட் போய்விடும். பயம், வேறொன்றுமில்லை. கல்லூரிக்கு ஒரு வாரத்தில் இணைப்பு திரும்பிவிட்டது. உன் ஐடியை மட்டும் செமஸ்டர் முடியும்வரை முடக்கினார்கள்.

இணைப்பு திரும்பிய அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் என்னிடம்தான் வந்தாய். "உன்ற ஐடி வேலை செய்யுதா புள்ள? ரெண்டு மாசத்துக்குக் குடுக்கறயா?" பெரிய மனசுக்காரி மாதிரி பாஸ்வேர்டை உன் உள்ளங்கையில் எழுதிக் கொடுத்தேன்.

இப்போது அந்த அறைக்கு நானே பொறுப்பு. அடுத்த மாதம் மறுபடி குழு வருகிறது. இன்று அந்த அறுபது பேரிடமும் அன்று மேடம் சொன்னதையேதான் சொன்னேன், வார்த்தை மாறாமல். கடைசி வரிசைப் பெண் ஒருத்தி, "இத மட்டும் படிச்சுக்கறனுங்க மேடம்" என்றாள். "அப்பறம் படி சாமி, மொதல்ல ஐம்பத முடி" என்றேன். எண்ணிக்கை குறைந்தால் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள். என்ன செய்யச் சொல்கிறாய்?

குழுவுக்காகப் பழைய புராஜெக்டுகளையும் ஸ்கேன் செய்து ஏற்றுகிறோம். நேற்று உன்னுடையது கைக்கு வந்தது. நீ அதை எனக்குக் காட்டியதே இல்லை. நன்றிப் பக்கத்தில் அப்பா, அம்மா, வழிகாட்டிக்கு அடுத்து இனிஷியலோடு என் பெயர். யாரும் நம்பாத நேரத்தில் தன் ஐடியையே கொடுத்த தோழி என்று இங்கிலீஷில் எழுதியிருந்தாய். அந்தத் தாளை மட்டும் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். ஒரு பக்கம் குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். என் கையாலேயே ஏற்றினேன்.

அத்தனையும் எடுத்தது நான்தான் புள்ள. உன் நன்றியை வைத்துக்கொள்ளவும் முடியவில்லை; திருப்பித் தரலாமென்றால் நீ இல்லை.