எழுபது மீட்டருக்குக் கீழே ஒரு பாராசூட்

நாள் 9, காலை 06:10
ஆழம் 70 மீட்டர். காற்று சரி. முக்குளிப்புக் கூண்டின் அடிக்கதவு வழக்கம்போலத் திறந்திருக்கிறது. உள்ளேயும் வெளியேயும் ஒரே அழுத்தம், அதனால் தண்ணீர் வாசலோடு நிற்கிறது. ஏழு அவசரக் கைப்பிடிகளையும் கண்ணை மூடி வரிசையாகத் தொட்டேன்.

படிப்பவருக்கு: நான் தமயந்தி. ஆயிரத்து நானூறு முறை விமானத்திலிருந்து குதித்தவள். குதிக்கிறவன் ஒவ்வொரு தடவையும் அவசரப் பயிற்சி செய்துவிட்டுத்தான் ஏறுவான். முக்குளிக்கிறவன் சான்றிதழ் வாங்கிய அன்றோடு எல்லாவற்றையும் மறப்பான். அந்த எரிச்சலில் கட்டியதுதான், நாட்கணக்கில் கடலடியில் தங்கும் இந்தக் கூண்டு. குதித்தவன் மயங்கினால் ஒரு கருவி தானாகவே ரிசர்வ் எனும் இரண்டாவது பாராசூட்டைத் திறந்துவிடும். என் கருவியும் அப்படித்தான். உள்ளே இருப்பவர் மயங்கினால் அடிக்கதவை மூடும், கூண்டைக் கீழே பிடித்திருக்கும் எடைகளைக் கழற்றும், உள்ளே அழுத்தம் குறையாமல் கூண்டு மேலே போகும். அப்போது ஒலிக்கும் அறிவிப்பையும் நானே பேசிப் பதிந்தேன். உள்ளிருந்து யாரும் கருவியை அணைக்க முடியாது. அதை அணைக்கும் ஒரே சாவி மேலே கப்பலில்.

நாள் 9, 11:40
புயல். கப்பல் துறைமுகத்துக்குப் போகிறது. இந்த அலையில் கூண்டைத் தூக்க முடியாது, நான் கீழேயே இருக்கிறேன். முக்குளிப்பு மேற்பார்வையாளர் ரெமிஜியுஸ் அண்ணன், தூத்துக்குடிக்காரர், தொடர்பில்:

"சாவி ஒண்ணு கீழயும் இருக்கட்டும்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டியா? வானத்துல இருந்து விழுறவனுக்குக் கீழதான் தரை. உனக்கு மேலதான் தரை, தங்கச்சி."

பழைய பாட்டு. நானும் பழைய பதிலையே சொன்னேன்: ரிசர்வ் பாராசூட்டை மடிப்பவர் அதற்கு முத்திரை வைப்பார், குதிக்கிறவன் அதைத் தொடவே கூடாது. கடலில் 'எனக்கு அனுபவம் இருக்கு' என்று கை வைத்துச் செத்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன்.

நாள் 10, காலை 05:25
கூண்டு சாய்ந்து பாறையில் மோதியது. அடிக்கதவின் கீல் வளைந்து, கதவு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கம்பி போட்டு நெம்பியும் ஒரு விரற்கடைகூட நகரவில்லை. என் துடிப்பைக் கருவிக்குச் சொல்லும் நெஞ்சுப்பட்டையும் நனைந்து செத்துவிட்டது. நாடித்துடிப்பு தெரியாததால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பதில் கேட்கிறது கருவி. பதில் வராவிட்டால் நான் மயங்கிவிட்டதாக முடிவு செய்யும்.

கதவு உண்மையிலேயே மூடியதா என்று அது பார்க்காது. ஒரு நிபந்தனை கூடினால் ஒரு கோளாறு கூடும் என்று நான்தான் வேண்டாமென்றேன். திறந்த கதவோடு நாலே நிமிடத்தில் மேலே போனால் அழுத்தம் சட்டென்று விழும். கோலி சோடாவை உடைத்த மாதிரி என் ரத்தம் பொங்கும்.

நாள் 10, 09:02
மிதவை ரேடியோவில் அண்ணன்: "காத்து அடங்கல. நாளை மத்தியானத்துக்கு முன்னால கப்பல் கிளம்பாது. தூங்கிராத தங்கச்சி. நான் பேசிக்கிட்டே இருக்கேன்."

கருவியின் வயரை வெட்டினால் எடைகள் உடனே கழலும். அதுவும் என் யோசனை. பொத்தானில் டேப் ஒட்டி ஏமாற்றுவார்கள் என்று, திரையில் வரும் மூன்று இலக்க எண்ணை ஒவ்வொரு முறையும் தட்ட வைத்தவளும் நான். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

நாள் 10, 16:30
தொடர்பு அறுந்தது. அண்ணன் தன் மகள் கல்யாணத்துக்கு நண்டுக் குழம்பா, இறால் தொக்கா என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பதில் சொல்வதற்குள் போய்விட்டது.

நாள் 11, காலை 07:15
எண் தட்டத் தொடங்கி இருபத்தாறு மணி நேரம். 417 வந்தது, 471 என்று தட்டினேன். நல்லவேளை, இன்னொரு வாய்ப்பு கொடுத்தது. பயமாக இருக்கிறது. ஆயிரத்து நானூறு குதிப்பில் ஒருமுறைகூட இப்படிப் பயந்ததில்லை. அங்கே கடைசி நொடிவரை கைக்கு ஒரு வேலை இருக்கும். இங்கே முழித்திருப்பது மட்டும்தான் வேலை. அண்ணன் சொன்னது சரி. யாராவது அவரிடம் சொல்லிவிடுங்கள்.

நாள் 11, 10:31
நின்றுகொண்டே எழுதுகிறேன். உட்கார்ந்தால் போச்சு. கையைக் கடித்தேன், வலிக்கவில்லை. அண்ணே, நண்டுக் குழம்பே வையுங்கள். அடுத்த கூண்டு கட்டுகிறவர்களுக்கு: பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். முத்திரை வேண்டாம். சாவியைக் கீழே

நாள் 11, 10:42. தானியங்கிப் பதிவு
பதில் இல்லை.
கதவை மூடும் கட்டளை அனுப்பப்பட்டது.
எடைகள் கழன்றன.
அறிவிப்பு ஒலிக்கிறது. குரல்: தமயந்தி.
"பயப்படாதீர்கள். பத்திரமாக மேலே போகிறீர்கள். நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை."