அப்பாவுக்குத் தைத்த பின்சீட்டு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சௌக்கியமாக இருப்பீர்கள், இருக்க வேண்டும். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. அப்பா எப்படி இருக்கிறார் என்று நீ கேட்கும்போதெல்லாம் இருக்கிறார் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவேன். இந்தத் தடவை கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. போனில் சொன்னால் நாலாவது வார்த்தையிலேயே நீ ஆரம்பித்துவிடுவாய், அதனால்தான் கடிதம். காகிதத்துக்குக் குறுக்கே யாரும் பேச முடியாது. அடுப்பில் ஏதாவது இருந்தால் அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து படி.

முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொள்கிறேன். அப்பாவின் பைக்கை வாங்கிக்கொள்ள நீ ஓர் ஆளை அனுப்பினாயே, வந்தவருக்கு வண்டி பிடிக்கவில்லை என்று சொன்னேன் அல்லவா, அது பொய். அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஏறி உட்கார்ந்து ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அப்போது ஜன்னல் ஓரத்தில் நாற்காலியில் இருந்த உன் அப்பா, பக்கவாதம் வந்ததிலிருந்து அந்த ஜன்னலைத் தவிர வேறெதையும் பார்க்காத மனுஷர், ஒற்றைக் கையால் நாற்காலியை இழுத்து இழுத்துச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். வந்தவருக்கு டீ கொடுத்து, விற்கிற எண்ணம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வண்டியை விற்று, வீட்டைப் பூட்டி, உன் வீட்டுப் பின்னறையில் எங்களைக் கொண்டு வந்து வைக்க நீ போட்ட திட்டம் பாசத்தில் போட்டதுதான், அது எனக்குத் தெரியாதா. ஆனால் அந்த அறையிலும் ஒரு சுவர் இருக்கும், அவர் அதையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் உயிரோடு இருக்கும்வரை அது நடக்காது.

இரண்டாவது செய்தி, எனக்கு கியர் வண்டி லைசென்ஸ் கிடைத்துவிட்டது. முதல் தடவை எட்டுப் போடும்போது கால் ஊன்றிவிட்டேன், இரண்டாவது தடவை பாஸ். சிரிக்காதே. இருபது வருஷம் ஸ்கூட்டரில் தைத்த துணி மூட்டையை வைத்துக்கொண்டு வாடிக்கையாளர் வீடு வீடாகப் போனவள் நான். தடியனுக்குத்தான் பயந்தேன். நீ சின்ன வயதில் பைக்குக்கு வைத்த பெயர் சும்மா இல்லை, அந்த வண்டி நின்றால் பக்கத்தில் நான் அரை டிக்கெட். பஸ் டிப்போவில் அப்பாவோடு வேலை பார்த்த மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்து, அக்கா இது தையல் மெஷின் இல்லக்கா என்றார். அதுவும் மோட்டார்லதான் தம்பி ஓடுது, நீங்க ஸ்பேனரை எடுங்க என்றேன். அதற்குப் பிறகு அவர் வாயைத் திறந்தது டீ குடிக்க மட்டும்தான்.

முன்சீட்டின் ஸ்பாஞ்சை நாலு விரல் அரிந்து எடுத்தோம், இப்போது என் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் படிகிறது. ஹேண்டிலுக்கு அடியில் ஓர் இரும்புத் துண்டு கொடுத்து உயர்த்தி என் பக்கமாகக் கொண்டு வந்தோம், முன்னால் குனிய வேண்டியதில்லை. சீட் உறையை நானே தைத்தேன். கடையில் தைத்து வருவதில் தையல் சரியாக உட்காருகிற இடத்தில் ஓடும், தொடையை அறுக்கும், மழைத் தண்ணீரும் அந்த ஊசி ஓட்டை வழியாகத்தான் உள்ளே போகும். நான் தையலை எல்லாம் பக்கவாட்டில் இறக்கிவிட்டேன். காற்றைத் தடுக்கிற முன்கண்ணாடிதான் பாடாய்ப் படுத்தியது. உயரமாக இருந்தால் நல்லது என்று பெரிதாக ஒன்றை மாட்டினால் காற்று மேலே ஏறி வளைந்து வந்து ஹெல்மெட்டில் மத்தளம் வாசிக்கிறது. இதை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா, பல மாதத்தில் முதல் தடவையாகத் தானாக வாயைத் திறந்து, கண்ணாடி வழியாப் பார்க்கக் கூடாது, அதுக்கு மேல பார்க்கணும் என்றார். ரவிக்கைக்குப் பேப்பரில் வெட்டிப் பார்ப்பது மாதிரி அட்டையில் நாலு அளவு வெட்டி ஒட்டி ஒட்டி ஓட்டிப் பார்த்தேன். என் மூக்கு நுனி உயரம் போதும் என்று தெரிந்தது. மூன்றாம் நாள் அவர் ஜன்னலை விட்டுவிட்டு ஷெட்டுக்கே நாற்காலியைப் போடச் சொல்லிவிட்டார்.

அப்புறம் பின்சீட்டு. அது யாருக்கு என்று அப்பா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, இரண்டு பேருக்கும் தெரியும். கால் தேறிவிட்டது, வலது கைதான் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அதனால் முதுகுக்கு ஒரு சாய்மானம், இரண்டு பக்கமும் கை வைக்கக் கட்டை, பாதம் நழுவாமல் இருக்க விளிம்பு வைத்த பலகை என்று தீர்மானித்தேன். அங்கேதான் மடத்தனம் செய்தேன். முப்பத்தைந்து வருஷமாக ஆளை நிற்க வைத்து அளவெடுத்த கை இல்லையா, அப்பாவையும் நிமிர்ந்து நில்லுங்கள் என்று சொல்லி முதுகில் டேப்பைப் போட்டுக் குறித்துக்கொண்டேன். வெல்டர் கம்பி வளைத்துக் கொடுத்தார், நான் மெத்தை தைத்து மாட்டினேன். அவர் ஏறி உட்கார்ந்தால் மெத்தை தோள்பட்டைக்குப் போய்விட்டது, இடுப்புக்குப் பின்னால் கைமுட்டி போகிற அளவுக்கு வெறும் காற்று. மனுஷர் மரியாதைக்கு இருபது நிமிஷம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, சட்டை நல்லாத்தான் இருக்கு, நான்தான் அதுக்குள்ள இல்ல என்றார்.

திரும்ப அளவெடுத்தேன், இந்தத் தடவை வண்டியில் உட்கார வைத்து, சட்டையின் முதுகிலேயே சாக்கட்டியால் கோடு போட்டு. கோடுகளைப் பார்த்தால் நிற்கும்போது இருந்ததைவிட நாலு விரல் கீழே, அதுவும் நேராக இல்லை, வலது பக்கம் சரிந்து. தினமும் குளிக்க வைத்துத் தலை துவட்டிவிடுகிறவள் நான், அவர் எவ்வளவு குறுகிப்போயிருக்கிறார் என்று அந்தச் சாக்கட்டிக் கோட்டில்தான் பார்த்தேன். அவர் முதுகு என் பக்கம் இருந்ததால் நான் அழுதது அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் கேட்கமாட்டார். சாய்மானத்தை நாலு விரல் இறக்கி, வலது பக்கம் மட்டும் ஸ்பாஞ்சை இரட்டையாக வைத்துத் தைத்தேன். இப்போது அவர் உட்கார்ந்தால் நேராக இருக்கிறார். நாற்காலியில்கூட அப்படி இருந்ததில்லை.

முதல் சவாரி நம் தெருக்கோடி வரைக்கும். இருபது அடி போவதற்குள் பின்னாலிருந்து கிளட்ச் கிளட்ச் என்கிறார், கியரை மாத்து என்கிறார், அந்தப் பள்ளம் தெரியலையா என்கிறார். முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவர், ஒருத்தர் பின்னாலும் உட்கார்ந்ததே இல்லை, எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பி, டிரைவரிடம் பேசக்கூடாதுன்னு உங்க பஸ்ஸில் எழுதியிருந்ததே, யாருக்கு எழுதினது என்று கேட்டேன். அப்பா சிரித்தார். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு, எச்சில் வழிய, சத்தம் போட்டுச் சிரித்தார். எதிர்வீட்டு டீச்சர் என்னவோ ஏதோ என்று வெளியே வந்துவிட்டார். அன்றைக்கே இடது கைக்கட்டையில் ஒரு சைக்கிள் மணியைப் பூட்டிவிட்டேன். பஸ் கணக்குத்தான், ஒரு மணி அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் போ. வேறு பேச்சு கிடையாது. அன்றிலிருந்து தினமும் போகிறோம், ஒரு நாள்கூட விட்டதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இருபதாம் தேதி காலை நாங்கள் கிளம்பி உன் வீட்டுக்கு வருகிறோம், தடியனில்தான். நீ தலையில் கை வைப்பது இங்கிருந்தே தெரிகிறது. டாக்டரிடம் எதையும் மறைக்கவில்லை. முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கி நடக்க வேண்டும், மழையில் ஓட்டக்கூடாது, மருந்து தவறக்கூடாது என்று சொல்லி அனுப்பினார், அப்படியே செய்வோம். ஒரே நாளில் வந்துவிடும் பாதையை இரண்டு நாளாகப் பிரித்திருக்கிறேன், நடுவில் அப்பாவின் பழைய கண்டக்டர் வீட்டில் தங்கல். பயம் இல்லையா என்றால் இருக்கிறது. அவர் மறுபடியும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாரோ என்கிற பயம் அதைவிடப் பெரிதாக இருக்கிறது. பத்து நாள் விருந்தாளியாக இருந்துவிட்டு, அதே வண்டியில் எங்கள் வீட்டுக்குத் திரும்புவோம். பின்னறையைப் பற்றி இனிமேல் பேச வேண்டாம். ரயில் டிக்கெட் எடுத்து அனுப்பினால் கிழித்துப் போடுவேன், சொல்லிவிட்டேன்.

நீ நன்றாக இரு, உன் பிடிவாதம் உன் பெண்ணுக்கும் வரட்டும், அது எங்கிருந்து வந்தது என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும். ஒன்றை மட்டும் மறக்காதே. வாசலில் உன் காரை நிறுத்தாமல் இடம் விட்டு வை, இடது பக்கம் ஒரு சின்ன முக்காலி போட்டு வை. அப்பா இறங்க நேரமாகும். பதறிக்கொண்டு ஓடி வந்து அவரைப் பிடிக்காதே. கையைக் கட்டிக்கொண்டு நில், அவரே இறங்கி உன்னிடம் வருவார்.

எப்போதும் உன் நினைவாக,
அம்மா

கீழே கோணல் மாணலாக இருப்பது அப்பா இடது கையால் எழுதியது. நாலு நாளாகப் பழகினார்.

ரெண்டு மணி அடிச்சாச்சு. அப்பா.