ஒன்பதாம் பாடத்தில் இல்லாத கேள்வி

அன்புள்ள மாஸ் திர்தோவுக்கு,

நீங்களும் நம் மகள் செகாரும் சுகமா? அத்தையின் முழங்கால் வலி குறைந்ததா? இந்த டச்சு ஊரான ஸ்வோலேயில் நான் நலமாகவே இருக்கிறேன்; பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

திங்கட்கிழமை முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை முடிந்து திரும்பும்போது உறைபனியில் சைக்கிள் வழுக்கி விழுந்துவிட்டேன். இடது மணிக்கட்டில் சின்ன விரிசல்தான், பயப்படாதீர்கள். வியாழக்கிழமை டச்சுத் தேர்வுக்கு வலது கை போதும். தேறினால் இங்கேயும் நர்ஸாகலாம், உங்கள் இருவரையும் அழைத்துக்கொள்ளலாம்.

வேடிக்கையைக் கேளுங்கள். நான் டச்சில் வாயைத் திறந்தாலே இங்கே எல்லாரும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள். ஆஸ்பத்திரி நர்ஸ் மார்லூஸ் தாவவில்லை. என் டச்சுப் பாடப்புத்தகத்தில் 'மருத்துவரிடம்' என்ற ஒன்பதாம் பாடத்தை அவளிடம் அப்படியே ஒப்பித்தேன்.

"அம்மாடி, புத்தகமே பேசுற மாதிரி இருக்கே! யார்கிட்ட படிச்சீங்க?"

"யார்கிட்டயும் இல்லீங்க. சமையல்கட்டுல உக்காந்து நானே படிக்கிறேன்."

"ஊர்ல என்ன வேலை?"

"நர்ஸ்."

கட்டுப் போடுவதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "அப்ப சீக்கிரம் பாஸ் பண்ணுங்க. எங்களுக்கு ஆள் பத்தல."

பிறகு படிவத்தை எடுத்தாள். "அவசரம்னா யாருக்கு ஃபோன் பண்ணணும்? பக்கத்துல யாரு இருக்காங்க?"

அந்தக் கேள்வி பாடத்தில் இல்லை. ஒவ்வொரு சொல்லும் புரிந்தது, பக்கத்தில்தான் யாரும் இல்லை. கடைசியில் உங்கள் எண்ணைச் சொன்னேன்.

"இது ரொம்ப தூரமாச்சே."

"தூரந்தான்," என்றேன். அப்படியே எழுதிக்கொண்டாள்.

வலிக்குத் தேய்க்க நம்மூர்க் காயுபுத்தே தைலம் ஒரு புட்டி அனுப்புங்கள். செகார் பள்ளிப்பாடம் வாசிப்பதையும் ஃபோனில் பதிந்து அனுப்புங்கள், எந்தப் பாடமானாலும் சரி. தெரியாத எண்ணிலிருந்து யாராவது புரியாத மொழியில் பேசினால் துண்டித்துவிடாதீர்கள். "இக் பென் ஹார் மான்" என்று சொல்லுங்கள். 'நான் அவள் கணவன்' என்று அர்த்தம். இப்போதே ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். பேருந்து வந்துவிட்டது.

உங்கள் வுலான்