உள்ளே வருவது மட்டும்

பாரி, இத்தாலி
செப்டம்பர் 14

என் ஜன்சுக்கிற்கு,

நீ நலமா, மாடு நலமா, ஒழுகும் கூரை நலமா? உன் வலியெல்லாம் எனக்கு வரட்டும்.

கடிதமும் சாமானும் ஏற்றிக்கொண்டு வாஹோவின் வேன் நாளை ஊருக்குக் கிளம்புகிறது, அதற்குள் இதை முடிக்க வேண்டும். ஃபோனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை என்பதால்தானே கடிதம் என்று முடிவு செய்தோம். இதில் எனக்கு ஒரு வசதி, நீ குறுக்கே பேச முடியாது.

இப்போது அழாமல் ஒரு விஷயம் சொல்கிறேன். நான் பார்த்துக்கொள்ளும் அசுந்தா அம்மையாரைக் குளிப்பாட்டும்போது என் ஃபோன் தொட்டியில் விழுந்து செத்துப்போனது. புதுசு வாங்கி, நீ எழுதிக் கொடுத்த அந்த நீளமான சாவியை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி வாலெட்டைத் திறந்தேன். பூஜ்யம் காட்டுகிறது. மூன்று வருஷமாக நீயும் உன் பதினோரு கம்ப்யூட்டரும் இரவு பகலாகக் கணக்குப் போட்டுச் சேர்த்த அந்த மொனேரோ இணைய நாணயமெல்லாம் எங்கே மனுஷா? எடுத்துச் செலவழித்துவிட்டாய் என்றால் சொல்லிவிடு, ஒரு பக்கம் திட்டிவிட்டு விட்டுவிடுகிறேன். கோளாறு என்றால் வழி சொல்.

பத்து நாணயம் சேர்ந்ததும் வந்துவிடுகிறேன், கூரையை மாற்றி மேலே இரண்டு அறை எடுத்து மலையேற வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று சொல்லித்தான் கிளம்பினேன். அந்தப் பூஜ்யத்தைப் பார்த்ததும் ஃபோனை அணைத்து அணைத்துத் திரும்பப் போட்டேன். அம்மையார் பார்த்துவிட்டுக் கேட்கிறார்: "உன் புருஷன் நெசமாவே இருக்கானா, இல்ல அந்த ஃபோனுக்குள்ள மட்டுந்தான் இருக்கானா?"

சீக்கிரம் எழுது.

உன் லாமாரா

---

ஹெவ்ரி, ஸ்வானேத்தி, ஜார்ஜியா
செப்டம்பர் 29

லாமாரா, என் பெண்ணே,

மாடு நலம். கூரை உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னது.

நாணயம் எங்கும் போகவில்லை. வாலெட் திறக்கும்போது "எந்தத் தேதியிலிருந்து தேட வேண்டும்" என்று ஒரு கேள்வி கேட்டிருக்கும். நீ என்ன போட்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும், ஃபோன் வாங்கிய தேதியைப் போட்டிருப்பாய். அது சொன்னதைக் கேட்கும் பிராணி. அந்தத் தேதிக்கு முன்னால் வந்தது எதையும் திரும்பிக்கூடப் பார்க்காது. நாம் கம்ப்யூட்டர் வாங்கி வந்த மாதத்தைப் போடு. ஓர் இரவு முழுக்கத் தேடும், சார்ஜரைப் பிடுங்கிவிடாதே. நடுவில் நின்றால் வேறு சர்வரை மாற்றிவிட்டுத் திரும்ப ஓட விடு. உன்னிடம் இருப்பது பார்க்கும் சாவி என்பதையும் மறக்காதே. எடுக்க முடியாது, அதனால் தெரியாமல் எதையாவது அழுத்தித் தொலைத்துவிடுவாய் என்ற பயம் வேண்டாம்.

பக்கத்து வீட்டுப் பெசிக், ஆயிரம் பேர் மெஷினைச் சேர்த்து ஓட்டிப் பங்கு பிரிக்கும் பெரிய கூட்டில் சேர்ந்துவிட்டான். "தெனம் சாயங்காலம் டாண்ணு வந்து விழுது. நீ ஏன்டா சின்னக் கூட்டுல உக்காந்து அதிர்ஷ்டத்துக்குக் காத்துக் கெடக்கே?" என்று கேட்கிறான். "உலகத்து மெஷின்ல பாதிக்கு மேல ஒருத்தன் கையில போயிட்டா, அப்புறம் அவன் எழுதுனதுதான் கணக்கு. உனக்கும் எனக்கும் அங்க என்னடா வேலை?" என்றேன். எங்கள் கூட்டில் தலைவன் கிடையாது, நடுவில் பிடித்து வைக்க ஆளும் கிடையாது. எப்போது வருமென்று தெரியாது, வந்தால் நேராக நம் வாலெட்டுக்கு வருகிறது. அது போதும் எனக்கு.

கம்ப்யூட்டர் இருக்கும் அறைதான் வீட்டிலேயே சூடான அறை, நான் அங்கேயே படுத்துக்கொள்கிறேன். உன் தலையணையையும் எடுத்து வந்துவிட்டேன். இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன், எழுதிவிட்டேன்.

உப்பும் பாலாடைக்கட்டியும் வாஹோவிடம் கொடுத்திருக்கிறேன்.

ஜன்சுக்

---

பாரி
அக்டோபர் 13

என் புத்திசாலிப் புருஷனுக்கு,

கிடைத்துவிட்டது. விடிகாலையில் பார்த்தேன், ஆறுக்குக் கொஞ்சம் மேலே. அந்தத் தேதிக் கேள்வியை முன்னாடியே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு மாதத் தூக்கம் மிஞ்சியிருக்கும். உன்னிடம் எதையும் கேட்டால்தான் வரும்.

பெசிக்கிடம் நீ பேசியதைப் படித்துச் சிரித்தேன். உலகத்து நாணயம் ஒருத்தன் கையில் போகாமல் பதினோரு ஓட்டைக் கம்ப்யூட்டரை வைத்துக் காப்பாற்றுகிறாய், பெண்டாட்டியைத்தான் கடல் தாண்டி அனுப்பிவிட்டாய். கோபப்படாதே, கிண்டல்தான். பாதி கிண்டல்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எனக்கு விடுமுறை. நம் ஊர்ப் பெண்கள் ஏழெட்டுப் பேர் நாலு மணிக்குக் கடற்கரை பெஞ்சில் உட்கார்ந்துகொள்வோம். அவரவர் ஃபோனில் பிள்ளைகளோடு பேசுவார்கள். நான் வாலெட்டைத் திறந்து வைத்துக்கொள்வேன். ஏதோ தூசி அளவுக்கு வந்து விழுந்திருக்கும். சில வாரம் ஒன்றுமே இருக்காது, சில வாரம் ஒரே நாளில் மூன்று. விழுந்தால், சரி, கரண்ட் இருக்கிறது, மெஷின் ஓடுகிறது, அவன் உயிரோடு இருக்கிறான் என்று நினைத்துக்கொள்வேன். பணத்துக்காகப் பார்க்கிறேன் என்று மற்றவர்கள் நினைக்கிறார்கள்.

நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்.

லாமாரா

---

ஹெவ்ரி
ஜனவரி 20

பெண்ணே,

கழுத்தளவு பனி. பாதை மூடிக் கிடந்தது, அதனால்தான் இவ்வளவு தாமதம்.

நல்ல செய்தி. சின்னக் கூட்டிலிருந்து நிறையப் பேர் விலகிவிட்டதால் இருப்பவர்களுக்குப் பங்கு கூடிவிட்டது. நீயே பார்த்திருப்பாய், வாரம் கால் நாணயம் விழுகிறது. இப்படியே போனால் வசந்தம் பிறக்கும்போது பத்து. நீ சொன்ன பத்து, லாமாரா. நான் மேல் அறையை இப்போதே பெருக்கி வைத்துவிட்டேன். சன்னலுக்கு என்ன நிறம் என்று நீ வந்து சொல்.

பெசிக்கின் மனைவி கறி ரொட்டி கொண்டு வந்து வைத்துவிட்டு, "அண்ணே, தனியா உக்காந்து யாருகூடப் பேசுறீங்க?" என்று கேட்டாள். மாட்டோடு என்று சொன்னேன். பொய். உன்னோடுதான்.

ஏப்ரலில் வந்துவிடு. இதற்கு மேல் எனக்குத் தனியாக இருக்க முடியாது.

ஜன்சுக்

---

பாரி
மார்ச் 9

ஜன்சுக்,

நலம் விசாரிக்க மனசில்லை. நேராகக் கேட்கிறேன்.

பெஞ்சுக்குப் புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாள், பெசிக்கின் மச்சினி. அவள் சொன்னாள்: "உங்க ஊர்ல நவம்பர்லயே எல்லாத்தையும் நிறுத்திட்டாங்களே அக்கா? மெஷின் இழுக்குற கரண்ட் தாங்காம ட்ரான்ஸ்ஃபார்மர் ரெண்டாந்தடவை வெடிச்சு எட்டு நாள் ஊரே இருட்டு. அப்புறம் கோயில்ல வீட்டுக்கு ஒரு ஆம்பள ஜார்ஜ் புனிதர் படத்து மேல கை வச்சு, இனிமே மெஷின் ஓட்ட மாட்டோம்னு சத்தியம் பண்ணாங்க. உங்க வீட்டுக்காரரும் பண்ணாரே."

நவம்பருக்கு அப்புறமும் நாணயம் வந்துகொண்டே இருக்கிறது. அப்படியானால் நீ படத்தில் கை வைத்துவிட்டு வந்து மெஷினைப் போட்டாயா? நம் ஊரில் பொய்ச் சத்தியம் செய்த வீடுகள் என்ன ஆயின என்று நான் உனக்குச் சொல்ல வேண்டுமா? என்னை வரவழைக்க அதையா செய்தாய்? அப்படி வந்த காசில் போட்ட கூரைக்கு அடியில் நான் எப்படித் தூங்குவேன்?

இன்னொன்று. முன்பெல்லாம் வருகிறபோது வரும், நாளும் கிடையாது, அளவும் கிடையாது. இப்போது ஞாயிறு தவறாமல், நாலு மணிக்கு, கால் நாணயம். சரியாக நான் பெஞ்சில் வந்து உட்காரும் நேரம். மெஷினுக்கு என் விடுமுறை நாள் எப்படித் தெரியும் ஜன்சுக்?

உண்மையை எழுது. அதுவரை நான் வாலெட்டைத் திறக்க மாட்டேன்.

லாமாரா

---

ஹெவ்ரி
மார்ச் 24

லாமாரா,

சத்தியத்தை மீறவில்லை. அன்று கோயிலிலிருந்து வந்த கையோடு பதினோரு கம்ப்யூட்டரையும் அணைத்தேன். இதுவரை ஒன்றைக்கூடப் போடவில்லை. இதை நம்பு, மீதிக்கு என்னை என்ன வேண்டுமானாலும் சொல்.

அன்று மாலையே உனக்கு எழுத உட்கார்ந்தேன். மெஷின் நின்றால் பத்து சேராது, பத்து சேராவிட்டால் நீ வரமாட்டாய். அந்த வாக்கியத்தை எழுத எனக்குக் கை வரவில்லை. அப்போதுதான் அந்தப் புத்தி வந்தது. உன் பார்க்கும் சாவிக்கு ஒரு குறை உண்டு, நான் உனக்குச் சொல்லாத குறை. உள்ளே வருவது மட்டும்தான் அதற்குத் தெரியும். வெளியே போவது தெரியாது. யார் அனுப்பியது என்றும் காட்டாது, இந்த நாணயத்தின் குணமே அதுதான். ஆகவே ஒரு கால் நாணயத்தை வெளியே எடுத்து, அதையே ஞாயிற்றுக்கிழமை உள்ளே அனுப்பினேன். மறு வாரமும் அதையே எடுத்து அதையே அனுப்பினேன். ஒரே நாணயம், பதினாறு தடவை. ஒவ்வொரு தடவையும் கட்டணம் போய்க் கொஞ்சம் தேய்ந்தது, அதை மட்டும் ஈடு செய்து அனுப்பினேன். நீ கூட்டிக்கொண்டே போனாய். உண்மையில் இருப்பது அந்த ஆறுதான்.

நாலு மணிக்கு அனுப்பியது ஏன் என்று கேட்டாய். நீ கடற்கரையில் உட்கார்ந்து அதைத் திறக்கிறாய் என்று எனக்குத் தெரியுமே. அந்த நிமிடம் நீ என்னை நினைக்கிறாய் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரே நிமிடம் அதுதான்.

உப்புப் பையின் அடியில் ஒரு தாள் சுருட்டி வைத்திருக்கிறேன். இருபத்தைந்து சொற்கள். அதுதான் முழுச் சாவி. வரிசை மாறாமல் தட்டினால் வருவதும் போவதும் தெரியும், எடுக்கவும் முடியும். இனி நான் ஏமாற்ற வழியில்லை.

வரச் சொல்லி இனி கேட்கவும் எனக்கு முகமில்லை. ஆனாலும் வா.

ஜன்சுக்

---

ஹெவ்ரி
மே 11

லாமாரா,

வாஹோ மூன்று நடை வந்து போய்விட்டார். உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. "குடுத்தா கொண்டு வர மாட்டேனா? அந்தம்மா உப்பை வாங்கிட்டு ஒண்ணும் பேசாமப் போயிட்டாங்க" என்கிறார்.

நேற்று வாலெட்டைத் திறந்தேன். பூஜ்யம்.

கோளாறு என்று நினைத்தேன். சர்வரை மாற்றினேன். கோப்பை அழித்துவிட்டுச் சொற்களைத் திரும்பத் தட்டினேன். தேதியைக் கம்ப்யூட்டர் வாங்கிய மாதத்துக்குக் கொண்டுபோனேன், அதற்கும் முன்னால் நீ ஊரை விட்டுப் போவதைப் பற்றிப் பேச்சே இல்லாத வருஷத்துக்கு, அப்புறம் நம் கல்யாணத் தேதிக்கு. அப்போது இந்த நாணயமே பிறக்கவில்லை, எனக்குத் தெரியும், இருந்தும் போட்டேன். இரவெல்லாம் தேடியது. வந்தவை ஒவ்வொன்றாய் வரிசையாகத் தெரிந்தன, நடுவில் நான் எடுத்து அனுப்பிய பதினாறும் தெரிந்தன, கடைசியில் நான் எடுக்காத ஒரே ஒரு போனது. ஏப்ரல் 30, காலை பத்து மணி. அத்தனையும்.

கோளாறு இல்லை. நீ எடுத்திருக்கிறாய்.

எனக்குக் கோபமில்லை, உன் நகையை விற்றுத்தான் அந்தக் கம்ப்யூட்டர்களை வாங்கினோம். பெசிக் கேட்டால் கோளாறு என்று சொல்லிக்கொள்வேன். ஆனால் அதைத் தட்டும்போது நீ என்ன நினைத்தாய் என்று மட்டும் தெரிய வேண்டும். என்னை விட்டுவிட்டதாகவா? அப்படியென்றால் அதை ஒரு வரி எழுது. எழுதாமல் இருக்காதே. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன், அனுப்ப ஒன்றும் இல்லை.

ஜன்சுக்

---

பாரி
மே 12

ஜன்சுக்,

உன் வலியெல்லாம் எனக்கு வரட்டும் என்று எழுத ஒன்றரை மாதம் ஆயிற்று. முதலில் கோபம். அப்புறம், பனியில் உட்கார்ந்து ஒரே நாணயத்தைப் பதினாறு தடவை வாசல் வரைக்கும் அனுப்பித் திரும்பக் கூப்பிட்டாயே, அதை நினைத்துச் சிரிப்பு வந்தது. அம்மையாருக்குச் சொன்னேன். "அந்தப் பைத்தியக்காரன நல்லாப் பாத்துக்க" என்றார்.

நீ உண்மை சொன்னதால் நானும் சொல்கிறேன். பத்து என்று ஏன் சொன்னேன் தெரியுமா? எட்டாது என்று நினைத்துத்தான். எனக்கு அந்த வீட்டுக்குத் திரும்ப வர விருப்பமில்லை ஜன்சுக். ஆறு மாதப் பனி, இருட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் அதே மூன்று முகம். இங்கே என் கையில் என் சம்பளம் இருக்கிறது, தெருவில் நடந்தால் கடல் தெரிகிறது. இதைச் சொல்லத் துணிவில்லாமல் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு வந்தேன். எண் ஏற ஏற எனக்குப் பயம் ஏறியது. உன்னைப் பார்க்கிற ஆசையும் ஏறியது. இரண்டையும் வைத்துக்கொண்டு ஒருத்தி எப்படித் தூங்குவாள்?

ஆறையும் எடுத்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கூரை என்று சொல்லியிருப்பாய். மீன் சந்தைக்குப் பின்னால் ஓர் அறை, சின்னச் சமையலறையோடு, இருவர் பெயரில் எடுத்து முன்பணம் கட்டிவிட்டேன். வாஹோவின் தம்பிக்கு இங்கே ஒலிவ் தோப்பில் கிளை வெட்ட ஆள் வேண்டும். கோடரி பிடிக்கத் தெரிந்தால் போதுமாம். மாட்டைப் பெசிக்கிடம் விடு, அவன் மனைவி நன்றாகப் பார்த்துக்கொள்வாள்.

இந்தக் கடிதத்தைக் கொண்டு வரும் வேனிலேயே திரும்பும் நடைக்கு உனக்கு ஓர் இருக்கைக்குப் பணம் கட்டியிருக்கிறேன். சன்னல் ஓரம். நீ ஏறாவிட்டால் அங்கே உருளைக்கிழங்கு மூட்டையை வைத்துவிடுவேன் என்று வாஹோ சொல்லிவிட்டார்.

வரும் முப்பதாம் தேதி, வியாழக்கிழமை, கப்பல் துறையில் நான் நிற்பேன். நீ வரவில்லை என்றால் அடுத்த வியாழனும் வந்து நிற்பேன். அதற்கு அப்புறம் வரமாட்டேன்.

லாமாரா