நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்து நியாபகம்

ஜூன் 3

அன்புள்ள மனைவிக்கு,

நலம் என்று எழுதினால் அது பொருட்பிழை. எனவே விட்டுவிடுகிறேன்.

நீ உன் அக்கா வீட்டுக்குப் போய்ப் பதினோரு நாள்கள் ஆகின்றன. ('நாட்கள்' அல்ல.) இந்த வருடக் கல்யாண நாளன்று நீ எழுதிக் கொடுத்த கடிதத்தில் சிவப்பு மையால் ஒன்பது இடங்களில் சுழித்தது என் தவறுதான். அச்சகத்தில் நாள் முழுக்கப் பிழை திருத்தும் கை, தானாகப் போய்விட்டது. ஒன்று மட்டும் சொல்கிறேன், கோபிக்காதே. 'உங்க நியாபகமாவே இருக்கேன்' என்று எழுதியிருந்தாய். அது 'ஞாபகம்'.

திரும்பி வா.

உன் கணவன்

பி.கு.: என் நீலச் சட்டையில் ஒரு பொத்தான் அறுந்துவிட்டது.

ஜூன் 8

மாண்புமிகு பிழைதிருத்துநர் அவர்களுக்கு,

மன்னிப்புக் கடிதத்துலயும் ஒரு திருத்தமா! அக்கா வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. எனக்கு அழுகைதான் வந்தது.

இருபத்திரண்டு வருஷத்துல நான் உங்களுக்கு எழுதின முதல் கடிதம் அது. மூணு நாள் அடிச்சு அடிச்சு எழுதினேன். தப்பை எண்ணினீங்களே, என்ன எழுதியிருக்கேன்னு படிச்சீங்களா? நானும் தையல்காரிதான். கோணத் தையலைப் பிரிக்கத்தான் செய்றேன். ஆனா ஆள் போட்டுக்கிட்டு நிக்கும்போது பிரிக்க மாட்டேன்.

அதை ஒழுங்காப் படிச்சுட்டு எழுதுங்க. அதுவரைக்கும் நான் வர்றதா இல்லை. பொத்தானை நீங்களே தைச்சுக்குங்க.

இப்படிக்கு,
ஒன்பது பிழைக்காரி

ஜூலை 2

அடியே தையல்காரி,

ஏன் இவ்வளவு நாளா எழுதலன்னு கேப்பே. எழுதி எழுதிக் கிழிச்சேன்.

கூட ஒரு நாவல் அனுப்பியிருக்கேன். நான் புரூஃப் பார்த்தது. 112-ஆம் பக்கத்தைப் பாரு. கதாநாயகி கடிதம் எழுதுறா: 'உங்க நியாபகம் வந்துச்சு.' எழுத்தாளர் பண்ணின தப்புதான். பேனாவை எடுத்தேன், கை நகரல. உன் குரல் கேட்டுச்சு. அப்படியே விட்டுட்டேன். ஆயிரம் பிரதி அச்சாயிடுச்சு. முதலாளி கூப்பிட்டு, "கண்ணை எங்கய்யா வெச்சிருந்தே?"ன்னார். பொண்டாட்டியோட அக்கா வீட்லன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு.

உன் கடிதத்தைப் படிச்சேன். இப்பத்தான் படிச்சேன். 'நீங்க பேசாம பக்கத்துல உக்காந்திருந்தாலே போதும்'னு முடிச்சிருக்கே. அந்த வரியில நான் ஒரு கால்புள்ளி போட்டு வெச்சிருக்கேன், மடையன். நீ வா. பேசாம உக்கார்றேன்.

நீ இல்லாம முடியல.

உன் புரூஃப்காரன்

பி.கு.: பொத்தான் தைச்சேன். பனியனும் சேந்துடுச்சு.

ஜூலை 6

என் புரூஃப்காரருக்கு,

புத்தகம் வந்தது. 112-ஆம் பக்கத்துல ஒரு எழுத்துப்பிழை இருக்கு. அக்கா பொண்ணோட அகராதியில பார்த்துட்டேன், 'ஞாபகம்'தான் சரியாம். பென்சிலால சுழிச்சேன். அப்புறம் மனசு கேக்கல, அழிச்சுட்டேன்.

சனிக்கிழமை காலைப் பஸ்ல வர்றேன். அந்தச் சட்டையையும் பனியனையும் போட்டுக்கிட்டே இருங்க. இந்த ஒரு தையலை மட்டும் ஆள் மேல வெச்சே பிரிக்கிறேன்.

தப்புன்னு தெரிஞ்சேதான் எழுதுறேன்: உங்க நியாபகமாவே இருக்கேன்.

உங்க தையல்காரி