முதல் ஏட்டைத் திருப்பி அனுப்புமாறு சேந்தன் பொறையனாருக்கு

மழை மாறாதிருக்க, மடை உடையாதிருக்க, குவளைநாட்டார் குறையொன்றும் இலராகுக. ஏழேரி காவலர், இருகரை வேந்தர் மாமழைக்கோ திருவாய் மலர்ந்தருளியபடி, ஓலைநாயகம் காரிநந்தி எழுதியது. நாற்கலை நாவலரும், பொற்குடை மூன்று பெற்றவரும், நான்காம் குடைக்கு விண்ணப்பம் வைத்திருப்பவரும், கலைக்கழகத்து நீர் மண்டபத் தலைவருமாகிய சேந்தன் பொறையனார் காண்க. தங்கள் மண்டபமும் மாணாக்கரும் அதன் புதிய கூரையும் நலமென்று நம்புகிறோம்.

எட்டாண்டுக்கு முன் தாங்கள் இந்த அவையில் எழுந்து, உலகம் மண்டபம் மண்டபமாகப் பிரிந்து கிடக்கவில்லையே, மாணவரை மட்டும் பிரிப்பானேன் என்று கேட்டதும், வேந்தர் கண்கலங்கியதும், மருத்துவம், நீரியல், வானநூல், நீதிநூல் நான்கையும் சேர்த்துக் கற்கும் ஊடுகலைக் கல்வி அன்றே நிறுவப்பெற்றதும், முதற்குடை தங்களுக்கு வழங்கப்பெற்றதும் தாங்கள் அறிந்ததே. நாடெங்கும் முரசறைந்தார்கள். சேர்ந்தவள் ஒருத்தி. உப்பு வண்டிக்காரன் மகள் அல்லியங்கோதை.

அவள் காலையில் நாடி பார்க்கவும், உச்சியில் மதகு அளக்கவும், மாலையில் வழக்கு ஆராயவும், பொழுது சாய்ந்தபின் விண்மீன் பார்க்கவும் கற்றாள். மருத்துவ மண்டபத்தார் அவளை நீர் மண்டபத்துப் பெண் என்றார்கள். நீர் மண்டபத்தார் மருத்துவ மண்டபத்துப் பெண் என்றார்கள். கழகத்துப் பந்தியில் நான்கு மண்டபத்துக்கும் நான்கு வரிசை உண்டு. எந்த வரிசையிலும் அவளுக்கு இலை விழவில்லை. எல்லாரும் உண்டபின், மிஞ்சியதை அடுப்படியில் நின்றே உண்டாள். தாங்கள் அவ்வழியே போகும்போதெல்லாம், முன்னே நடப்பவருக்கு இப்படித்தான் அம்மா இருக்கும் என்று தேற்றிவிட்டு, முதல் வரிசையில் அமர்ந்து உண்டீர்கள். அவள் அதை நம்பினாள்.

மருதங்கால் ஊரில் ஆண்டுதோறும் விதைப்புக்குப் பின் காய்ச்சல் வருவது ஏன் என்பதே அவள் ஆய்வு. மேல்மதகு திறக்கும் நாளை வானநூலார் குறிக்கிறார்கள். மேலூர் விதைத்து முடியும்வரை கீழ்மதகைத் திறக்கலாகாது என்று நீதிநூல் தடுக்கிறது. இடையில் இருபது நாள் மருதங்காலில் நீர் தேங்கி நாறுகிறது. ஐந்தாம் நாள் அரைப்பொழுது கீழ்மதகைத் திறந்தால் போதும் என்று நூற்றிருபது ஏட்டில் எழுதி, ஒரே கயிற்றில் கோத்தாள்.

பட்டமளிப்பில் மண்டபத் தலைவர் கைநூல் கட்டினால்தான் ஒருவர் கற்றவராவார், ஏரி வாரியத்திலும் அமர்வார். நான்கு நிற இழை முறுக்கி நானே கட்டுவேன் என்று தாங்கள் சொல்லியிருந்தீர்கள். விழாவுக்கு எட்டு நாள் முன்பு தங்களுக்கு நீர் மண்டபத் தலைமை கிடைத்தது. அவள் பெயர் விளித்தபோது தாங்கள் புது இருக்கையில் சாய்ந்து, இந்தப் பெண் எம் மண்டபத்தாள் அல்லள் என்றதாகக் கழகக் குறிப்பில் உள்ளது. அடுத்த பெயரை விளிக்கும்வரை அவள் நீட்டிய கையை மடக்கவில்லை என்பது குறிப்பில் இல்லை, பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அதன்பின் சுவடியின் கயிற்றை உருவி, ஏட்டெண்களைச் சுரண்டி, நான்கு மண்டபமும் தத்தம் பங்கைத் தத்தம் தலைவர் பெயரில் வைத்துக்கொண்டன.

இவ்வாண்டும் காய்ச்சல் வந்தது. வேந்தர் சுவடியைக் கேட்டார். நான்கு பல்லக்கில் நான்கு கட்டு வந்தது. தங்கள் பெயர் பொறித்த கட்டு "ஆகையால்" என்று தொடங்கியது. மருத்துவக் கட்டு பாதி வாக்கியத்தில் நின்றது. மீதி எங்கே என்று வேந்தர் கேட்க, அது எம் மண்டபத்துக்கு அப்பாற்பட்டது என்று நால்வரும் வணங்கி நின்றீர்கள். அப்போது மருதங்கால் ஊராளி வேட்டுவன் பூதி சொன்னதை அவன் வாய்ச்சொல்லாகவே எழுதும்படி வேந்தர் பணித்தார்: "எங்களுக்குக் காய்ச்சல் நாலு மண்டபமாப் பிரிஞ்சு வரல சாமி. ஒண்ணாத்தான் வருது. ஆளும் ஒண்ணாத்தான் போறான்."

உப்புச் சந்தையில் பிறருக்கு மனு எழுதிப் பிழைத்திருந்த அல்லியங்கோதையை அழைத்துவந்தார்கள். தரையில் அமர்ந்து, எண்ணில்லாத ஏடுகளை அவள் ஒவ்வொன்றாக வரிசையில் வைத்தாள். கீழ்மதகு மறுநாளே திறக்கப்பட்டது. ஏரி வாரியத்தில் அவளுக்கு இருக்கை அளிக்கப்பட்டது. கைநூலையும் கட்டச் செய்வோம் என்று வேந்தர் சொன்னதற்கு, ஒருமுறை கை நீட்டியது போதும் என்று மறுத்துவிட்டாள்.

ஒன்று மட்டும் குறைந்தது: முதல் ஏடு. மருந்து அதிலிருக்குமோ என்று வேந்தர் கவன்றார். இல்லை, அது காணிக்கை ஏடு என்றாள். நான்கு வாசலையும் திறந்துவிட்டு, கடைசிவரை உடன்நின்ற ஆசிரியர் சேந்தன் பொறையனாருக்கு என்று அதில் எழுதியிருந்தாளாம். அதைத் தாங்கள் சந்தனப் பேழையில் வைத்து, வருவோர்க்கெல்லாம் திறந்து காட்டுவதாகவும், நான்காம் குடைக்கான விண்ணப்பத்தில் அதன் படியை இணைத்திருப்பதாகவும் அறிகிறோம்.

காய்ச்சலுக்கு அந்த ஏடு வேண்டாம். பொறையனாரே வைத்துக்கொள்ளட்டும் என்றார் வேந்தர். அல்லியங்கோதை ஒப்பவில்லை. விழாவுக்கு முந்தின நாள் எழுதியது அது, மறுநாளே பொய்யாகிவிட்டது, தன் கையெழுத்தில் ஒரு பொய் ஊரார் பார்வைக்குக் கிடக்கலாகாது, தானே அதைச் சுரண்டிவிடுவதாகச் சொன்னாள்.

ஆதலால் வேந்தர் ஆணை: இவ்வோலை கண்டவுடன் முதல் ஏட்டைக் கொடுத்தனுப்புக. ஓலை கொண்டுவருவோன் தங்கள் வாசலில் நிற்பான். விளக்கம் எதையும் வாங்கிவர அவனுக்கு அனுமதியில்லை. பேழையைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம்.

ஏழேரி முத்திரை இட்டது. ஏரி வாரியத்தார் கண்டது: அல்லியங்கோதை, ஒப்பம்.