ஒரு டம்ளர் தண்ணீர்

புவனா,

போனில் சொன்னால் காரணம் கேட்பாய், அதை வாய்விட்டுச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அதனால்தான் டிரைவரிடம் எழுதிக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அவரோடு காஞ்சிபுரத்துக்குக் கிளம்பி வந்துவிடு. பிரசவத்தை இங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

என் வழக்கம் உனக்குத் தெரியும். எந்தத் தொழிலில் பணம் போடுவதானாலும், முதலில் அந்த இடத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துப் பார்ப்பேன். வரதர் கோயில் பக்கத்து லாட்ஜில் குடித்தேன். ஒரே உப்பு. வேண்டாம் என்று வந்துவிட்டேன். உங்கள் ஊரில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறையிலும் கேட்டேன். நான் வாயில் வைப்பதற்குள் பட்டறைக்காரர் குமரகுரு என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டார்.

"போர் தண்ணி வாணாம்ணே, கேன் தண்ணி வந்துக்கினு இருக்குது" என்றார்.

மரியாதை என்று நினைத்தேன். அன்றே கையெழுத்துப் போட்டேன்.

பட்டறைக்கும் உங்கள் அம்மா வீட்டுக் கிணற்றுக்கும் நடுவே ஒரு வரப்புதான். வளைகாப்பு முடிந்து உன்னை அங்கே அனுப்பியதும் நான்தான்.

நேற்று போனில், "ஏங்க, சோறு ரோஸ் கலரா வேவுது" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வண்டியில் பத்து கேன் தண்ணீர் இருக்கிறது. அத்தைக்கு இறக்கி வைக்கச் சொல். வந்ததும் ஒன்றை மட்டும் சொல்: அந்தச் சோற்றை எத்தனை நாளாகச் சாப்பிடுகிறாய்?

உன் வீட்டுக்காரன்